சுண்ணாம்புக்கல்லும் நெடுஞ்சாலையும்: இந்தியச் சிமென்ட் தொழிலின் இன்றும் நாளையும்



விழுப்புரத்துக்கும் செஞ்சிக்கும் இடையே மண்டகப்பட்டில் ஒரு குகைக்கோயில் இருக்கிறது. 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்தது. கோயில் எந்தத் தெய்வங்களுக்கு உரியது என்று சொல்லும் அங்குள்ள கல்வெட்டு, அது எவையெல்லாம் இல்லாமல் எடுக்கப்பட்டது என்றும் பட்டியலிடுகிறது. செங்கல் இல்லை, மரம் இல்லை, உலோகம் இல்லை, சுதையும் இல்லை. சுதை என்றால் சுண்ணாம்புச் சாந்து. சாந்து சேர்க்காமல் கோயில் எடுத்ததை ஒரு மன்னன் கல்லில் வெட்டி வைத்தான் என்றால், சாந்தில்லாத கட்டடம் அந்தக் காலத்திலேயே எவ்வளவு அரிது! மலைமேல் நிற்கும் செஞ்சிக் கோட்டையைப் பிணைத்து நிறுத்தியிருப்பதும் சுண்ணாம்புச் சாந்துதான்.

இன்றைய சாந்து சிமென்ட். அந்தச் சிமென்ட் தொழில் இந்தியாவில் எப்படி வளர்ந்தது? இன்று எந்த நிலையில் நிற்கிறது? இனி எந்தத் திசையில் போகும்? இம்மூன்று கேள்விகளே இந்த உரையின் பொருள்.

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் சிமென்ட் தொழிலைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று கேட்கலாம். சுண்ணாம்புக்கல்லைச் சுட்டுச் சிமென்ட் ஆக்கும் ஆலை விழுப்புரம் மாவட்டத்தில் ஒன்றுகூட இல்லை. ஆனால் அரியலூரிலிருந்து விருத்தாசலம் வழியாகச் சென்னை நோக்கிப் போகும் ரயில் தடம் விழுப்புரம் சந்திப்பைக் கடக்காமல் போவதில்லை. அங்கிருந்து சாலை வழியே வரும் சிமென்ட் லாரியும் பெரும்பாலும் விக்கிரவாண்டியையும் திண்டிவனத்தையும் தாண்டித்தான் சென்னைக்குள் நுழைகிறது. திருவண்ணாமலைக்கும் புதுச்சேரிக்கும் சாலைகள் பிரிவதும் திண்டிவனத்தில்தான். சிமென்ட் பிறக்கும் ஊர் அரியலூர் என்றால், அது வழிநடக்கும் ஊர்கள் இவை. இந்தத் தொழிலில் வழி மிக முக்கியம். ஏன் முக்கியம் என்பதை அறியச் சிமென்ட் உருவாகும் விதத்தை முதலில் பார்க்க வேண்டும்.

சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் பொடித்துக் கலந்து, சுழலும் சூளையில் ஏறக்குறைய 1,450 பாகை வெப்பத்தில் சுட்டால், கோலிக்குண்டு போன்ற கரிய உருண்டைகள் வெளிவரும். அவற்றுக்குக் கிளிங்கர் என்று பெயர். கிளிங்கரோடு கொஞ்சம் ஜிப்சம் சேர்த்து மாவாக அரைத்தால் சிமென்ட். லீட்ஸ் நகரக் கொத்தனார் ஜோசப் ஆஸ்ப்டின் 1824இல் காப்புரிமை பெற்ற போர்ட்லேண்ட் சிமென்ட், நுட்பங்கள் பல மாறிய பின்பும் கல்லையும் களிமண்ணையும் சேர்த்துச் சுடும் அதே அடிப்படை முறையில்தான் இன்றும் பிறக்கிறது.

இதில் ஒரு கணக்கு உண்டு. தூய சுண்ணாம்புக்கல் 100 கிலோவைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு மிஞ்சும். 44 கிலோ கரியமில வாயுவாகக் காற்றில் போய்விடும். ஒரு டன் கிளிங்கருக்கு ஒன்றரை டன் அளவுக்குச் சுண்ணாம்புக்கல் வேண்டும். கல்லை நெடுந்தூரம் ஏற்றிக்கொண்டு போவது, புகையாகப் போகப்போகிற பொருளுக்கும் லாரி வாடகை கொடுப்பதற்குச் சமம். அதனால்தான் ஆலை கல் இருக்கும் இடத்தைத் தேடிப் போகிறது. செய்து முடித்த சிமென்ட்டோ எடை மிகுந்தது, எடைக்கு விலை குறைந்தது. ஐம்பது கிலோ மூட்டை இருபது சேர்ந்தால்தான் ஒரு டன். தூரம் கூடக் கூட வண்டி வாடகை விலையைத் தின்றுவிடும். ஆகவே சாலை வழியே சில நூறு கிலோமீட்டருக்கு அப்பால் சிமென்ட் விற்பது பெரும்பாலும் கட்டுப்படியாகாது. இந்தியச் சிமென்ட் சந்தை ஒன்றல்ல, வட்டாரம் வட்டாரமாகப் பிரிந்த பல சந்தைகள்.

அப்படியானால் அரியலூரில் கிடைத்த கல் இங்கே ஏன் கிடைக்கவில்லை? பல கோடி ஆண்டுகளுக்கு முன், கிரீத்தேசியக் காலத்தில், கடல் இன்றைய கரையைத் தாண்டி உள்ளே வந்து நின்றது. அதில் வாழ்ந்த சிப்பிகளும் பிற உயிர்களும் மடிந்து படிந்ததே அரியலூர்ச் சுண்ணாம்புக்கல். கல்லங்குறிச்சிச் சுரங்கத்தில் இன்றும் சிப்பி ஓடுகள் அடுக்கடுக்காகத் தெரியும். அதே கடல் விழுப்புரம் மாவட்டத்தின் வழுதாவூர்ப் பக்கமும் வந்தது. 1840களிலிருந்தே நிலவியலாளர்கள் இப்பகுதிப் புதைபடிவங்களை ஆராய்ந்தார்கள். ஒரு பாறைத் தொகுதிக்கு வழுதாவூரின் பெயரே நிலைத்தது. ஆனால் இங்கே சுண்ணாம்புக்கல் மெல்லிய படிவுகளாக நின்றுவிட்டது. கல்மரங்களுக்குப் பேர்போன திருவக்கரை மணற்கல்லும் செம்மண்ணும் களிமண்ணும் இந்தப் பக்கத்துக்கு வாய்த்தன. கூடவே உறுதியான கருங்கல்லும் வாய்த்தது. சிமென்ட் அரியலூரிலிருந்து வர, ஜல்லியும் எம்-சாண்டும் இந்த வட்டாரத்துக் கல்குவாரிகளிலிருந்து போகின்றன. சென்னையில் எழும் ஓர் அடுக்குமாடியின் கான்கிரீட்டில் இரண்டு மாவட்டத்துப் பாறைகளும் கலந்திருக்கக்கூடும்.

இனி வரலாற்றுக்கு வருவோம். இந்தியாவில் சிமென்ட் செய்யும் முதல் முயற்சி நடந்தது சென்னையில். 1904இல் ஒரு நிறுவனம் கடல் சிப்பியைக் கொண்டு சிமென்ட் செய்து பார்த்தது, நிலைக்கவில்லை. 1914இல் குஜராத்தின் போர்பந்தரில் தொடங்கிய ஆலையே வெற்றி கண்டது. முதல் உலகப் போர் வெளிநாட்டுச் சிமென்ட்டைத் தடுத்தது. உள்நாட்டு ஆலைக்கு வாழ்வு வந்தது. போர் முடிந்ததும் ஆலைகள் பெருகின, வாங்குவோர் பெருகவில்லை, விலை சரிந்தது. ஆலைகள் அப்போது இரண்டு வேலை செய்தன. சிமென்ட்டை எப்படிப் பயன்படுத்துவது என்று மக்களுக்குக் கற்றுக்கொடுக்க ஓர் அமைப்பை 1927இல் தொடங்கின. பிறகு 1936இல் பத்து நிறுவனங்கள் இணைந்து ஏ.சி.சி. என்ற ஒரே நிறுவனமாயின. தேவைக்கு மேல் ஆலை, அதனால் விலைச் சரிவு, அதனால் இணைப்பு. இந்தச் சக்கரம் நினைவில் இருக்கட்டும். இன்றைய நிலையைப் புரிந்துகொள்ள இது உதவும்.

தமிழ்நாட்டில் 1930களில் கோவை மதுக்கரையிலும் திருச்சிராப்பள்ளிப் பக்கம் டால்மியாபுரத்திலும் ஆலைகள் வந்தன. டால்மியாபுரம் என்ற பெயரே பின்னர் அரசியல் ஆனது. ஆலை முதலாளியின் பெயரை ரயில் நிலையத்திலிருந்து நீக்கிக் கல்லக்குடி என்று வைக்கக் கோரி 1953இல் தி.மு.க. போராடியது, மு. கருணாநிதி தண்டவாளத்தில் படுத்துக் கைதானார். விழுப்புரத்தில் ஏறித் திருச்சிக்குப் போகும் பயணி இன்றும் அந்த நிலையத்தைக் கடக்கிறார். 1949இல் திருநெல்வேலி தாழையூத்தில் இந்தியா சிமென்ட்ஸ் உற்பத்தியைத் தொடங்கியது. 1960களில் விருதுநகர்ப் பக்கம் ராம்கோவும் கரூர் புலியூரில் செட்டிநாடும் வந்தன. அரசும் பின்தங்கவில்லை. 1970இல் ஆலங்குளம், 1979இல் அரியலூர் என்று இரண்டு அரசு ஆலைகள் எழுந்தன. அவற்றை நடத்துவது டான்செம் எனப்படும் தமிழ்நாடு சிமென்ட் கழகம்.

ஆலை வந்தது; சிமென்ட் எளிதில் கிடைத்ததா? இல்லை. விலையும் வினியோகமும் அரசின் கையில் இருந்த காலம் அது. வீடு கட்ட நினைத்தவர் மனு எழுதி, அலுவலகப் படியேறி, பர்மிட் வாங்கி, அதன் பிறகே மூட்டையைக் கண்ணால் பார்க்க முடியும். கட்டுப்பாட்டு விலையில் ஆலைக்கு லாபம் இல்லை. லாபம் இல்லாததால் புது ஆலை இல்லை. புது ஆலை இல்லாததால் பஞ்சம். பஞ்சத்தால் கள்ளச் சந்தை. 1982 பிப்ரவரியில் மத்திய அரசு பாதிக் கட்டை அவிழ்த்தது. உற்பத்தியில் ஒரு பங்கை அரசு விலைக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை ஆலைகள் சந்தையில் விற்கலாம் என்றது. அடுத்த ஏழே ஆண்டில் நாட்டின் உற்பத்தி ஏறக்குறைய இரட்டிப்பானது. 1989 மார்ச் 1 அன்று முழுக் கட்டும் அவிழ்ந்தது.

1950–51இல் இந்தியாவின் சிமென்ட் உற்பத்தித் திறன் 33 லட்சம் டன்னை ஒட்டி இருந்தது. இன்று அது 60 கோடி டன்னைத் தாண்டிவிட்டது. ஆண்டு உற்பத்தி 40 கோடி டன்னுக்கு மேல். சீனாவுக்கு அடுத்த இடம் இந்தியாவுக்கு. அப்படியிருந்தும், தலைக்கு ஓர் ஆண்டில் இந்தியர் பயன்படுத்தும் சிமென்ட் 300 கிலோவை ஒட்டியே நிற்கிறது. உலகச் சராசரி ஏறக்குறைய அரை டன். ஆலை நிறைய இருக்கிறது, தேவையும் இன்னும் நிறைய இருக்கிறது. நாட்டின் இன்றைய நிலையை ஒரு வரியில் சொன்னால் இதுதான்.

ஆனால் தேவையும் ஆலையும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. ஆந்திரம், தெலங்கானா, கர்நாடகம், தமிழ்நாடு ஆகிய தென்மாநிலங்களில் சுண்ணாம்புக்கல் மிகுதி. அதனால் ஆலைகளும் மிகுதி. நாட்டிலேயே ஆலைத் திறன் அதிகம் சும்மா கிடக்கும் பகுதி தெற்கு. மிச்சச் சிமென்ட்டை வடக்கே அனுப்பலாமே என்றால், வண்டி வாடகை குறுக்கே நிற்கிறது. இந்த நெருக்கடியில் சிறிய நிறுவனங்கள் தளர்கின்றன, பெரியவை அவற்றை வாங்குகின்றன. 2022இல் அம்புஜாவும் ஏ.சி.சி.யும் அதானி குழுமத்தின் கைக்குப் போயின. 2024 டிசம்பரில், சென்னை ஐ.பி.எல். அணியைத் தொடங்கிய இந்தியா சிமென்ட்ஸ், அல்ட்ராடெக்கின் துணை நிறுவனமானது. அரியலூர் வட்டாரத்தில் ரெட்டிபாளையம் ஆலையை ஏற்கெனவே வைத்திருந்த அல்ட்ராடெக்கின் ஆளுகைக்குள் இந்தியா சிமென்ட்ஸின் தளவாய் ஆலையும் வந்தது. 1936இன் சக்கரம் மறுபடி சுற்றுகிறது.

விற்பவர் குறைந்தால் வாங்குபவர் என்ன ஆவார்? இந்தக் கேள்வி புதிதல்ல. 2012இல் இந்தியப் போட்டி ஆணையம், கூடிப் பேசி விலை வைத்ததாகச் சொல்லி 11 சிமென்ட் நிறுவனங்களுக்கு மொத்தம் 6,300 கோடி ரூபாயை ஒட்டி அபராதம் விதித்தது. நிறுவனங்கள் அதை மறுத்து மேல்முறையீடு செய்தன. தமிழ்நாட்டு அரசு வேறொரு வழியில் விலையைத் தொட்டது. 2015இல் தொடங்கிய அம்மா சிமென்ட் திட்டத்தில் மூட்டை 190 ரூபாயாக இருந்தது. 100 சதுர அடிக்கு 50 மூட்டை என்று கணக்கிட்டு, 1,500 சதுர அடி வரை வீடு கட்டுவோருக்குக் கொடுக்கப்பட்டது. 2021இல் டான்செம் வலிமை என்ற பெயரில் புதுச் சிமென்ட்டை அறிமுகம் செய்தது. அரசு ஆலை சந்தை முழுவதையும் நிரப்ப முடியாது. ஆனால் தனியார் விலை ஏறும்போது மக்கள் திரும்பிப் பார்க்க ஒரு விலைப்பலகையை அது மாட்டி வைக்க முடியும்.

விலையில் வரியின் பங்கும் உண்டு. 2017 முதல் சிமென்ட்டுக்கு ஜி.எஸ்.டி. 28 விழுக்காடு. ஏழையின் வீட்டுக்கும் ஆடம்பரப் பொருளின் வரி விகிதமா என்று பல ஆண்டுகள் கேட்கப்பட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 18 விழுக்காடாகக் குறைந்தது. மறுபுறம், கனிமங்கள் உள்ள நிலத்துக்குத் தமிழ்நாடு அரசு விதித்த வரி 2025 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. சுண்ணாம்புக்கல்லுக்கு டன்னுக்கு 160 ரூபாய். ஒரு கை குறைத்ததில் ஒரு பங்கை மறு கை கூட்டியது.

இனித் தேவையைப் பார்ப்போம். அடிக்கடி புயலும் வெள்ளமும் வரும் கரை இது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது விழுப்புரம் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. குடிசைகள் மிகுந்த மாவட்டத்தில் அந்த மழை என்ன செய்யும் என்பதை இங்குள்ளோருக்கு விளக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 2030க்குள் 8 லட்சம் கான்கிரீட் வீடுகள் என்று கலைஞரின் கனவு இல்லம் திட்டம் இலக்கு வைத்திருக்கிறது. ஒரு வீடு 360 சதுர அடி. 100 சதுர அடிக்கு 50 மூட்டை என்ற அரசின் பழைய கணக்கையே எடுத்துக்கொண்டால், ஒரு வீட்டுக்கு 180 மூட்டை; அதாவது 9 டன். 8 லட்சம் வீட்டுக்கு 72 லட்சம் டன். அரியலூர் அரசு ஆலையின் புதிய பிரிவு ஆண்டுக்கு 10 லட்சம் டன் திறனுள்ளது. அது முழு மூச்சில் ஏழு ஆண்டுக்கு மேல் ஓடினால்தான் இந்த ஒரு திட்டத்துக்குப் போதும். சாலை, பாலம், திண்டிவனத்தில் வரும் தொழிற்பூங்கா போன்றவை இந்தக் கணக்கில் சேரவே இல்லை.

சிமென்ட் ஆலை இல்லாமல் போன ஒரு நிலத்தின் கதையும் தமிழருக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தின் காங்கேசன்துறையில் 1950இல் தொடங்கிய ஆலை, வடக்கு இலங்கைக்குச் சிமென்ட்டும் வேலையும் தந்தது. 1990இல் போர் அதை மூடியது. இலங்கை இன்று சிமென்ட்டுக்கும் கிளிங்கருக்கும் இறக்குமதியை நம்ப வேண்டியிருக்கிறது. வெளிநாட்டுப் பணத்துக்குத் தட்டுப்பாடு வந்த 2022இல் அங்கே கட்டுமானத் தொழில் முடங்கியது. வளரும் நாட்டுக்குச் சொந்தச் சிமென்ட் எவ்வளவு பெரிய பலம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அப்படியானால் வருங்காலம் ஒளிமயமா? தடைகள் இருக்கின்றன. சூளையின் எரிபொருளான நிலக்கரியும் பெட்கோக்கும் பெருமளவு கப்பலில் வருபவை. உலகில் எங்கே போர் மூண்டாலும் அரியலூர்ச் சூளையின் செலவு ஏறும். தமிழகத்தின் பல நகராட்சிகள் மறுசுழற்சிக்கு ஆகாத பிளாஸ்டிக்கை இந்தச் சூளைகளுக்கு அனுப்புகின்றன. அது ஓரளவு கைகொடுக்கிறது. ஆனால் எரிபொருளை எவ்வளவு மாற்றினாலும் ஒன்று மாறாது. 100 கிலோ சுண்ணாம்புக்கல்லிலிருந்து 44 கிலோ கரியமில வாயு வெளியேறியே தீரும். கல்லும் எரிபொருளும் சேர்ந்து ஒரு டன் கிளிங்கருக்கு 800 கிலோவுக்கு மேல் கரியமில வாயு. மனிதச் செயலால் உலகில் வெளியாகும் கரியமில வாயுவில் ஏறக்குறைய 7 விழுக்காடு சிமென்ட்டால் வருகிறது. 2025 அக்டோபரில் மத்திய அரசு, ஒவ்வொரு டன் உற்பத்திக்கும் இவ்வளவுக்கு மேல் வாயு கூடாது என்று சிமென்ட் ஆலைகளுக்கு வரம்பு விதித்தது. சுரங்கத்து ஊர்களின் குறைகளும் இருக்கின்றன: கல் எடுத்த பின் நீர் தேங்கிக் கிடக்கும் பள்ளங்கள், சாலையோரத் தூசு, ஓயாத லாரிகள்.

இதற்கு வழி என்ன? சிமென்ட்டைக் குறைக்காமல் கிளிங்கரைக் குறைப்பது. அது முடியுமா? முடியும், முடிந்துகொண்டும் இருக்கிறது. அனல்மின் நிலையச் சாம்பலை 35 விழுக்காடு வரை கலந்து செய்யும் பி.பி.சி. சிமென்ட்டுக்கு இந்தியத் தர நிர்ணயம் இடம் தருகிறது. கடைகளில் இன்று பெரும்பாலும் விற்பது அதுதான். சாம்பல் கலந்தால் கலப்படம் என்று பழைய மேஸ்திரிகள் சிலர் நினைப்பதுண்டு. அது கலப்படம் அன்று. சிமென்ட் இறுகும்போது வெளிவரும் சுண்ணாம்போடு சாம்பல் வினைபுரிந்து கூடுதல் பிணைப்பைத் தருகிறது. முதல் வாரம் மெதுவாக இறுகும். நாளாக நாளாக உறுதி கூடும். கடலோர உப்பையும் நன்றாகத் தாங்கும். மேலே சொன்ன 8 லட்சம் வீட்டையே மறுபடி எடுத்துக்கொள்வோம். 30 விழுக்காடு சாம்பல் கலந்த சிமென்ட்டால் அவற்றைக் கட்டினால், 21 லட்சம் டன்னுக்கு மேல் கிளிங்கர் மிச்சம். 30 லட்சம் டன்னுக்கு மேல் சுண்ணாம்புக்கல் பூமிக்குள்ளேயே இருக்கும்.

நிலக்கரி மின்சாரம் குறையும் காலத்தில் சாம்பலும் குறையுமே? அதற்கும் விடை தேடப்பட்டுவிட்டது. சுட்ட களிமண்ணும், சுடாத சுண்ணாம்புக்கல்லும் கலந்த சிமென்ட் அது. கிளிங்கர் பாதி இருந்தால் போதும். களிமண்ணை ஏறக்குறைய 800 பாகையில் சுட்டாலே வேலை முடிந்துவிடும். சுவிட்சர்லாந்து ஆய்வாளர்களோடு சென்னை, டெல்லி ஐ.ஐ.டி.க்கள் இதில் பல ஆண்டு உழைத்தன. 2023இல் இந்தியத் தர நிர்ணயமும் வந்தது. இதற்கு ஏற்றது கயோலின் வகை வெண்களிமண். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே படிந்திருப்பதில் இந்த வகை மண்ணும் உண்டு. சுண்ணாம்புக்கல் வாய்க்காத வட்டாரத்துக்கும் சிமென்ட் தொழிலில் பங்கு கிடைக்க இது ஒரு வாசல்.

இன்னொரு வாசல் ஏற்கெனவே திறந்திருக்கிறது. வானூர் வட்டத்து ஆரோவில்லில் 1989 முதல் மண் கட்டுமான நிறுவனம் ஒன்று இயங்குகிறது. உள்ளூர்ச் செம்மண்ணோடு 5 விழுக்காடு அளவுக்குச் சிமென்ட் கலந்து, அழுத்திக் கல்லாக்கி, நிழலில் இறுக வைக்கிறார்கள், சூளையே வேண்டாம். அங்கே பல மாடிக் கட்டடங்களும் இந்தக் கல்லால் நிற்கின்றன. அருகே புதுச்சேரியில், இரண்டாம் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில், அரிய இறக்குமதிச் சரக்குகளைக் கொண்டு எழுந்த கோல்கொண்டே விடுதி பக்குவமான வேலைக்கு ஒரு சான்று. இந்தியாவின் முதல் நவீன கான்கிரீட் கட்டடங்களில் அது ஒன்று. எண்பது ஆண்டு கழிந்தும் பெரிதும் சிதையாமல் நிற்கிறது. ஒன்றில் சிமென்ட் குறைவு, மற்றதில் பக்குவம் மிகுதி. இரண்டும் விழுப்புரத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கின்றன.

பக்குவம் தவறினால் எவ்வளவு சிமென்ட் போட்டும் பயனில்லை. தளவானூரில் தென்பெண்ணையின் குறுக்கே சுமார் 25 கோடி ரூபாயில் கட்டிய தடுப்பணை 2020 செப்டம்பரில் திறக்கப்பட்டது. 2021 ஜனவரியில் அதன் ஒரு பகுதி உடைந்தது. அணை உடையும்போது அதற்காகச் சுட்ட கல்லும், எரித்த கரியும், ஓடிய லாரியும் சேர்ந்தே வீணாகின்றன. ஐம்பது ஆண்டு நிற்க வேண்டிய கட்டடம் இருபத்தைந்து ஆண்டில் இடிந்தால், அதற்கான சிமென்ட் தேவை இரட்டிப்பாகிறது; வளர்ச்சி இரட்டிப்பாவதில்லை.

ஆகவே கேட்ட மூன்று கேள்விக்கும் விடை இது. இந்தியச் சிமென்ட் தொழில் பஞ்சத்திலிருந்து மிகுதிக்கு வந்திருக்கிறது. இன்று அது சில பெரிய கைகளில் குவிந்து வருகிறது. நாளை அது வளரும். வீடில்லாதவர் இருக்கும்வரை வளரவும் வேண்டும். ஆனால் அந்த வளர்ச்சியை எத்தனை கோடி டன் என்று மட்டும் அளப்பது பழைய அளவுகோல். ஒரு வீட்டுக்கு எவ்வளவு கிளிங்கர், அந்த வீடு எத்தனை ஆண்டு நிற்கும் என்று அளப்பதே இனிச் சரியான அளவு. அதில் ஆலைக்கு உள்ள பொறுப்பு கட்டுவோருக்கும் உண்டு. மூட்டையில் எந்த வாரம் நிரப்பியது என்று அச்சிட்டிருக்கும். அதைப் பார்த்து வாங்க வேண்டும். கலவையில் தண்ணீரை அளந்து விட வேண்டும். சாம்பல் கலந்த சிமென்ட்டில் போட்ட தளத்துக்குப் பத்து நாளாவது தண்ணீர் கட்டி வைக்க வேண்டும்.